மரம் ஒன்று, நிழல் பூஜ்யம்

நொச்சிவலசையின் பொந்தன்புளி மரம் தன் நிழலை ஊரிலேயே விட்டுவிட்டுக் கடலைக் கடந்து அக்கரை நாட்டுக்குப் போய்விட்ட அந்த ஆடி மாதத்தில், இக்கரை நாட்டு மரக்கணக்குத் துறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்துவந்த சேதுநாச்சி, எப்போதும்போல அளவு நாடாவைத் தோளில் துண்டு மாதிரிப் போட்டுக்கொண்டு பத்தே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு தரம் வானத்தைப் பார்த்து, ஒரு தரம் தரையைப் பார்த்து, "இங்க இருந்த மரத்த எங்க?" என்று கேட்டாள்.

நிழலில் உட்கார்ந்திருந்த இருபத்தாறு பேரில் ஒருவரும் பதறவில்லை. சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். டீக்கடை ஜெய்த்தூன் பீவிதான் பதில் சொன்னாள்.

"அது போயிருச்சு தாயி. செவ்வாக்கெழம, மத்தியானப் பாங்குக்குச் சித்த முன்னாடி. டீ குடிக்கிறியா?"

"போயிருச்சுன்னா? வெட்டிட்டாகளா?"

"வெட்டுறதா? யானை கட்டுனாலும் அசையாத மரத்த யாரு வெட்ட? அதாப் போச்சு. மாட்டுவண்டி மணல்ல போறாப்புல ஒரு சத்தம். உக்காந்திருந்த எடத்துல பாய இழுத்தாப்புல ஒரு இழுப்பு. நிமிந்து பாத்தா வானம். கடலுக்குள்ள எறங்கி, கச்சான் காத்தோட, ஆடாம அசையாம போயிக்கிட்டே இருந்துச்சு. கண்ணுக்கு மறையிற வரைக்கும் பாத்துட்டு வந்து உக்காந்தோம்."

சேதுநாச்சி மரம் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தாள். இட்லி எடுத்த தட்டில் இருக்கும் குழி மாதிரி வழவழவென்று ஒரு பெரிய குழி, ஒரு வேர்கூட அறுந்து கிடக்கவில்லை. ஆனால் நிழல் இருந்தது. எழுபது அடி குறுக்களவுள்ள அதே நிழல், கிளைக்குக் கிளை, இலைக்கு இலை, கிழக்குப் பக்கக் கிளையில் இருந்த காக்கைக்கூட்டின் நிழல் உட்பட அப்படியே இருந்தது. காலையில் மேற்கே நீண்டு, உச்சியில் குறுகி, மாலையில் கிழக்கே நீண்டு, மரம் இருந்த காலத்தில் செய்த வேலையை ஒருநாளும் லீவு போடாமல் செய்துகொண்டிருந்தது. உட்கார்ந்தால் குளிர்ந்தது. அவளும் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, பையிலிருந்து படிவத்தை எடுத்து, மரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்றும், நிழல் என்ற கட்டத்தில் எழுபது அடி என்றும், உள்ளது உள்ளபடி எழுதிக்கொண்டாள். பொய்க்கணக்கு எழுதிப் பழக்கமில்லாத கை அது.

அந்தக் காலத்தில் எல்லா நாடுகளும் ஆடி மாதத்தில் தங்களிடம் உள்ள மலை, ஏரி, மாடு, மரம் எல்லாவற்றையும் எண்ணித் தேசிய இருப்பேட்டில் எழுதி உலகக் கணக்கு மன்றத்துக்கு அனுப்பவேண்டும். மன்றம் அவற்றைப் பக்கத்துப் பக்கத்து நாடுகளாக ஜோடி சேர்த்து, போன வருடத்துக்கு இந்த வருடம் யாருக்கு எது கூடியது, யாருக்கு எது குறைந்தது என்று ஒப்பிட்டு ஒரு புத்தகம் போடும். ஏழு கடல் தாண்டிய நாட்டில் காடு பெருகினால் யாருக்கும் வயிறு எரியாது, பக்கத்து நாட்டில் ஒரு முருங்கை துளிர்த்தால் தூக்கம் வராது என்பது மன்றத்துக்குத் தெரிந்திருந்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள். இந்த இரண்டு நாடுகளும் வருடா வருடம் அந்தப் புத்தகத்தை வாங்கி, தன் பக்கத்தைப் படிக்காமல் அடுத்தவன் பக்கத்தை முதலில் படிக்கும்.

சேதுநாச்சியின் படிவம் ஐந்தாம் நாளே திரும்பி வந்துவிட்டது. தலைமை அலுவலகம் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "மரம் இல்லாமல் நிழல் இருக்க இயலாது. திருத்தி அனுப்புக." அவள் பதில் எழுதினாள்: "இயலாதுதான். ஆனால் இருக்கிறது." மறுபடி வந்தது: "நிழலைப் பூஜ்யமாக்கி அனுப்புக." அவள் எழுதினாள்: "நிழலில் தற்போது இருபத்தாறு பேர், பதினோரு ஆடுகள், ஒரு டீக்கடை. பூஜ்யமாக்கினால் இவர்கள் எங்கே உட்கார்ந்திருப்பதாக எழுதுவது?" அதற்குப் பதில் வரவில்லை. தலைமை அலுவலகம் பதில் எழுதாமல் இருந்தால் யோசிக்கிறது என்று அர்த்தமில்லை என்பது இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதே வாரம், கடலுக்கு அந்தப் பக்கம் சங்குக்குடா என்ற ஊரில், அக்கரை நாட்டின் மரக்கணக்கு அலுவலர் மடுத்தீன் குரூஸ், "மரம் ஒன்று, நிழல் பூஜ்யம்" என்று எழுதி, அதற்காகத் தன் தலைமை அலுவலகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

ஆவணியில் புத்தகம் வந்தது. இக்கரை நாட்டில் நாற்பது அடிக்கு மேல் சுற்றளவுள்ள பெருமரங்கள் மொத்தமே ஒன்பதுதான். அதில் ஒன்று போய்விட்டது. அக்கரை நாட்டில் ஏழு. அதோடு ஒன்று கூடிவிட்டது. மன்றத்துக்குச் சதவீதம் போடாமல் தூக்கம் வராது. ஆகவே மறுநாள் பத்திரிகைகளில், "பெருமரங்கள்: நம் நாட்டில் பதினொரு சதவீதம் சரிவு, அண்டை நாட்டில் பதினான்கு சதவீதம் உயர்வு" என்று கொட்டை எழுத்தில் வந்தது. இத்தனை வருடம் அந்த ஒன்பது மரங்களில் ஒன்றைக்கூடப் பார்த்திராத தலைநகரத்து மக்கள் கொதித்துப்போனார்கள். டீக்கடைகளில் பதினொன்று பெரிதா பதினான்கு பெரிதா என்று சண்டை நடந்தது. ஒரு ஒற்றை மரம் இங்கே பதினொன்றாக இருந்து அங்கே போனதும் பதினான்காகிவிட்டது என்றால் அந்த நாட்டு மண்ணில் ஏதோ உரம் இருக்கிறது என்று ஒருவர் வாதாடினார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்று பிறகு தெரிந்து எல்லோரும் வருத்தப்பட்டார்கள்.

விளக்கம் கேட்டு இரண்டு பக்கமும் ஓலை போனது. அறுநூறு வருட மரத்தைத் தொலைத்தது எப்படி என்று சேதுநாச்சியிடம் கேட்டார்கள். அறுநூறு வருட மரத்தை இத்தனை வருடம் கணக்கில் காட்டாமல் ஒளித்தது எப்படி என்று மடுத்தீன் குரூஸிடம் கேட்டார்கள்.

நொச்சிவலசைக்கு இந்தச் சதவீதம் எதுவும் உறைக்கவில்லை. மரம் போனதில் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. புளிப்பான அந்தக் காயை அங்கே ஆடுதான் தின்னும். ஆனால் நிழலும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. மரம் போகும்போது நிழல் ஏன் போகவில்லை என்று ஊர் கூடிப் பேசி, ஊரின் பாரம்தான் காரணம் என்று கண்டுபிடித்தது. அத்தனை பேர் அழுத்தி உட்கார்ந்திருந்ததில் மரத்தால் நிழலை உருவிக்கொள்ள முடியவில்லை. பாயில் ஆள் உட்கார்ந்திருந்தால் பாயை எடுக்க முடியுமா? அப்படியானால் ஒரு நொடிகூட நிழல் ஆளில்லாமல் இருக்கக் கூடாது.

பஞ்சாயத்துத் தலைவர் கோட்டைச்சாமி, உட்கார்ந்தபடியே எல்லாத் தீர்மானமும் போட்டுப் பழகியவர், "நிழல் காப்பு உட்காருதல்" என்று ஒரு தீர்மானம் போட்டார். தெருவாரியாக முறை வைத்தார்கள். காலை முறை வடக்குத் தெரு, உச்சி முறை பள்ளிவாசல் தெரு, மாலை முறை சர்ச் தெரு. ராத்திரியில் நிழல் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பேர் அங்கேயே படுத்தார்கள். அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பதாக மனைவிமாரிடம் ஏச்சு வாங்கியவர்கள் இப்போது, "முறைக்குப் போறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். வெளியூர்ச் சம்பந்திகள் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், "நாட்டுக்காக உக்காந்திருக்காக" என்று பெண் வீட்டார் சொன்னார்கள். கோட்டைச்சாமி தன் முறை முடிந்து சாப்பிடப் போகும்போதும் நடு நிழலில் தன் துண்டை விரித்துவிட்டுத்தான் போவார். துண்டு கிடந்தால் ஆள் இருப்பதற்குச் சமம் என்பது பஸ்ஸிலிருந்து பஞ்சாயத்து வரைக்கும் அந்தப் பக்கத்துச் சட்டம்.

இதற்கிடையில் நிழல் வளர ஆரம்பித்தது.

முதலில் கவனித்தவள் ஜெய்த்தூன் பீவி. ஒருநாள் காலை, தெற்குக் கிளையின் நிழலுக்கும் மேற்குக் கிளையின் நிழலுக்கும் நடுவில் ஒரு சேலையின் நிழல் கட்டியிருந்தது. மறுநாள் இன்னொரு சேலை. அதற்கடுத்த வாரம் கிளைகளின் மேல் கிடுகு வேய்ந்த மாதிரி நாலு சதுர நிழல். பிறகு ஒரு குடையின் நிழல், விரித்து, தலைகீழாகத் தொங்கவிட்டபடி. அக்கரையில் அந்த மரத்தின் மேல் எதைக் கட்டினாலும் அதன் நிழல் இக்கரையில் வந்து விழுந்தது. அவர்கள் நிழலுக்காக ஒவ்வொன்றாகக் கட்டக் கட்ட, இங்கே நிழல் அடர்ந்து அகன்று பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ் வந்தும் ஏறாமல் நின்றார்கள்.

"பாவம், அங்கிட்டு நெழலே விழுகாது போல," என்றாள் ஜெய்த்தூன் பீவி.

"நம்ம என்ன பண்ண? மரத்த அவுகளுக்குக் குடுத்துட்டோம்ல," என்றார் கோட்டைச்சாமி, தானே வேரோடு தூக்கிக் கொடுத்தவர் மாதிரி.

ஒருநாள் தாழ்ந்த கிளையில் ஒரு தூளியின் நிழல் தெரிந்தது. ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. தூளிக்குள் கை ஒன்று எட்டிப் பார்த்து மூடிக்கொள்வதுகூடத் தெரிந்தது. ஜெய்த்தூன் பீவி அன்றிலிருந்து டீ ஆற்றிக்கொண்டே அந்தத் தூளியின் நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது அதிக நேரம் ஆடாமல் நின்றால் அவளுக்குக் கை ஓடாது.

புரட்டாசியில், இரண்டு நாட்டு இருப்பேடுகளையும் நேரில் ஒப்பிட்டுப் பார்க்க அலுவலர் ஒருவரை அனுப்புவது என்று முடிவாகி, தொலைத்தவளே போய்த் தேடட்டும் என்று சேதுநாச்சியைக் கப்பலேற்றினார்கள். கையில் இரண்டு நாட்டு முத்திரையும் குத்திய தாளும், தோளில் அளவு நாடாவும், பையில் ஜெய்த்தூன் பீவி கொடுத்தனுப்பிய தம்ரூட் இனிப்பும் இருந்தன.

சங்குக்குடா ஒரு மொட்டை ஊர். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓடி, முகாம் முகாமாக இருபது வருடம் அலைந்து, போன தையில்தான் ஜனங்கள் திரும்பி வந்திருந்தார்கள். வந்தபோது கிணறு இருந்தது, கோயில் சுவர் பாதி இருந்தது, ஒரு மரம் இல்லை. தகரக் கூரை போட்ட நாற்பது வீடுகள் வெயிலில் வரிசையாக வெந்துகொண்டிருந்தன. பொன்னுருகக் காயும் புரட்டாசி என்பார்கள். அங்கே தகரம் உருகிக்கொண்டிருந்தது. ஊருக்கு நடுவில், நொச்சிவலசையின் பொந்தன்புளி, பச்சைப் பசேலென்று, அடியில் ஒரு பொட்டு நிழல் இல்லாமல் நின்றது. கிளைகளில் சேலைகள், கிடுகுகள், தலைகீழ்க் குடை. மரத்தின் கீழே வெயில் வெளியில் அடிப்பது போலவே அடித்தது.

மடுத்தீன் குரூஸ் ஒல்லியான, சட்டைப் பையில் நாலு பேனா வைத்த மனிதர். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வந்து கைகூப்பினார்.

"வாங்கோ அம்மா. இதுதான் எங்கட பெருக்கமரம்."

"நாங்க பொந்தன்புளிம்போம்."

"பேர் எதுவாயிருந்தாலும் ஆள் ஒண்டுதானே. அளந்து பாருங்கோ."

அவள் நாடாவைச் சுற்றினாள். நாற்பத்தாறு அடி, மூன்று அங்குலம். போன வருடம் அவள் எழுதிய அதே கணக்கு. மூன்றாள் உயரத்தில் இருந்த பழைய வெட்டுக்காயம், அதற்குக் கீழே என்றோ தன் கையால் அடித்த ஒன்பது என்ற தகட்டு எண், எல்லாம் இருந்தன. சேதுநாச்சிக்கு என்ன தோன்றியதோ, நாடாவைப் பிடித்த கையோடு மரத்தில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். குரூஸ் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

"வந்த அண்டைக்கு ஊரே அழுதது," என்றார் அவர். "விடிய எழும்பிப் பாத்தால் மரம் நிக்குது. மாதா தந்தவ எண்டு மெழுகுதிரி கொளுத்தினம். பத்து மணிக்கு வெயில் ஏறினவுடன்தான் விசயம் விளங்கினது. நான் உள்ளதை எழுதினன், மரம் ஒண்டு, நிழல் பூஜ்யம் எண்டு. குடிச்சிட்டு எழுதினதோ எண்டு மேலிடத்தில கேட்டவை. நான் தேத்தண்ணியும் குறைச்சுப்போட்டன், அம்மா, இந்தச் சூட்டுக்கு."

தாழ்ந்த கிளையில் தூளி தொங்கியது. அதன் பக்கத்தில் ரொசாலி என்ற இளம்பெண் ஓலைப்பெட்டியால் விசிறிக்கொண்டு நின்றாள். தூளிக்குள் வேர்க்குரு பூத்த முகத்தோடு ஏழு மாதக் குழந்தை முழித்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குள்ள தகரம் கொதிக்குது. இஞ்ச எண்டால் காத்தாவது வரும்," என்றாள் ரொசாலி. பிறகு தயங்கி, "அக்கா, அங்கால உங்கட ஊரில இதின்ர நிழல் இருக்குதாமே. குளிரோ?" என்று கேட்டாள்.

உள்ளதை உள்ளபடி எழுதுகிறவளுக்கு உள்ளதைச் சொல்வது சில நேரம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

"குளிரும்," என்றாள் சேதுநாச்சி. "நல்லாக் குளிரும்."

தம்ரூட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். தின்றுகொண்டே, நிழல் ஏன் வரவில்லை என்று தன் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்திருப்பதையும், முறை வைத்து உட்கார்ந்திருப்பதையும், துண்டுச் சட்டத்தையும் சொன்னாள். குரூஸ் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, கணக்கில் ஒரு சின்னப் பிழையைக் கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்:

"அப்ப எழும்பச் சொல்லுங்கோவன்."

"எந்திரிக்கச் சொல்லவா? எங்க ஊரு ஆம்பளைகளையா?" சேதுநாச்சி அந்தப் பயணத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது, அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

கப்பலில் திரும்பும்போது அவள் தன் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்த்தாள். விளக்கம் கேட்டு வந்த ஓலைக்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த நிழல்தான். மரத்தை நான் விற்கவில்லை, வெட்டவில்லை, இதோ அதன் நிழல் என்று மேலதிகாரியைக் கூட்டிவந்து காட்டலாம். நிழலும் போய்விட்டால், கையில் ஒரு குழியோடு நிற்க வேண்டும். ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் இருந்தது. கரை தெரியும்வரை அவள் அதையே திருப்பித் திருப்பிக் கூட்டினாள், கழித்தாள், விடை மாறவில்லை. தூளிக்குள் முழித்துக்கொண்டிருந்த முகமும் மாறவில்லை.

நொச்சிவலசையில் இறங்கியதும் ஜெய்த்தூன் பீவி ஓடி வந்தாள்.

"நீ மரத்தக் கட்டிப்பிடிச்சு நின்னியே தாயி, பாத்தோம்! இங்கிட்டு அடிமரத்து நெழலோட ஒட்டிக்கிட்டு உன் நெழலும் விழுந்துச்சு. நாடா தொங்குனதுகூடத் தெரிஞ்சுச்சு. அழுதியா?"

"வெயில்க்கா. கண்ணு கூசுச்சு."

"சரி சரி. அந்தத் தூளி?"

"ஏழு மாசப் பிள்ளை. ஒடம்பு பூரா வேர்க்குரு."



மறுநாள் ஊர்க்கூட்டம் நிழலில் நடந்தது. எழுந்திருப்பதைப் பற்றிய கூட்டம் ஆகையால் எல்லோரும் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்கள். சேதுநாச்சி மட்டும் வெயிலில் நின்றபடி தான் பார்த்ததைச் சொன்னாள்: கிணற்றைச் சொன்னாள், பாதிச் சுவரைச் சொன்னாள், தகரத்தைச் சொன்னாள், தலைகீழ்க் குடையைச் சொன்னாள். கடைசியில், "எந்திரிச்சா போயிரும். எந்திரிங்க," என்றாள்.

"அது எப்பிடிம்மா," என்றார் கோட்டைச்சாமி. "மரம்தான் அவுகளுக்குப் போச்சு. இருந்த ஒண்ணையும் குடுத்துட்டு நம்ம எங்க உக்கார?"

"ஊருல பன்னெண்டு வேப்பமரம் நிக்கிது தலைவரே. நான்தான எண்ணுனேன். அரசு ரெண்டு, புங்கை அஞ்சு, வாதாமரம் ஒண்ணு. அங்க அவுகளுக்கு முருங்கைகூட இல்ல."

"வேம்பு நெழலும் பொந்தன்புளி நெழலும் ஒண்ணா? அதுல எறும்பு கெடக்கும்."

"உங்க வேலைக்கு ஆபத்து வராதா?" என்று சீட்டுக் கட்டை வைத்திருந்தவர் கேட்டார். அக்கறையாகக் கேட்டாரா, சாக்காகக் கேட்டாரா என்று சொல்ல முடியாது.

"வரும்," என்றாள் சேதுநாச்சி. "வந்தா நான் பாத்துக்கிறேன். எந்திரிங்க."

யாரும் அசையவில்லை. ஒரு ஆடு செருமியது. தரையில் தூளியின் நிழல் ஆடாமல் நின்றுகொண்டிருந்தது. அப்போது ஜெய்த்தூன் பீவி அடுப்பில் இருந்த பாலை இறக்கிக் கீழே வைத்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். இருபது வருடமாக அந்த இடத்தில் வெளிச்சம் இருக்கும் மட்டும் அணையாத அடுப்பு அது. கிளாஸ்களை வாளியில் அடுக்கி, வாளியைத் தூக்கி, நிழலின் ஓரம்வரை நடந்து, ஒரு நிமிடம் நின்று, வெயிலில் காலை வைத்தாள்.

"நான் வேப்பமரத்தடிக்குப் போறேன். டீ குடிக்கிறவுக அங்க வாங்க. இங்க உக்காந்திருக்கவுகளுக்கு இனிமே என் கையால தண்ணிகூடக் கெடையாது."

தீர்மானத்தால் ஆகாதது தேநீரால் ஆனது. முதலில் பள்ளிவாசல் தெரு எழுந்தது. பிறகு சீட்டாட்டக்காரர்கள், ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் முதலிலும் ஜெயித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் தாமதமாகவும். சர்ச் தெருப் பெண்கள் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஆடுகளை ஓட்டினார்கள். இரண்டு வருடமாக மருத்துவர் சொல்லியும் நடக்காமல் இருந்த ஒருவர் நடந்தார். கடைசியில் கோட்டைச்சாமியும் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே வெளியே வந்தார். எல்லோரும் வெயிலில் வட்டமாக நின்று, கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டு, நிழல் போவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

நிழல் போகவில்லை. ஓரங்கள் மட்டும் காற்றில் அடிக்கும் பாய் மாதிரி லேசாகத் தூக்கித் தூக்கி அடங்கின. நடுவில் எங்கோ ஒரு பிடி இருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நட்டநடு நிழலில், மடிப்புக் கலையாமல், பச்சைக் கரைபோட்ட ஒரு துண்டு விரிந்து கிடந்தது.

ஊர் முழுவதும் கோட்டைச்சாமியைப் பார்த்தது. யாரும் போய் அதை எடுக்க முடியாது. ஒருவர் போட்ட துண்டை இன்னொருவர் எடுப்பதாவது! வெட்டுக்குத்து நடந்துவிடும். அவரும் துண்டைப் பார்த்தார். அதிலேயே நாற்பது வருடமாக உட்கார்ந்து, மூன்று தேர்தலில் ஜெயித்து, ஒன்றில் தோற்று, மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தவர் அவர். தனியாக உள்ளே நடந்தார். துண்டின் பக்கத்தில் நின்று, குனிய முடியாமல் குனிந்து, கீழே ஆடாமல் நின்ற தூளி நிழலை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டை எடுத்து, பட்டென்று உதறி, தோளில் போட்டுக்கொண்டு, "போ ஆத்தா," என்றார்.

நிழல் அவர் காலுக்கடியிலிருந்து உருவிக்கொண்டு கிளம்பியது. காக்கைக்கூடும், சேலைகளும், கிடுகும், குடையும், தூளியுமாக மணல்மேட்டின் மேல் ஏறி இறங்கி, காயவைத்திருந்த வலைகளின் மேல் ஒரு கறுப்புச் சாயலாக ஓடி, அலையில் இறங்கி, கடலில் ஒரு பெரிய மீன் கூட்டம் போகிற மாதிரிக் கருநீலமாகப் போயிற்று. கடலில் இருந்த வள்ளக்காரர்கள், திடீரென்று உச்சி குளிர்ந்து, உடனே மறுபடி கொளுத்தியதாகப் பிறகு சொன்னார்கள். அறுநூறு வருடமாக வெயிலே படாத அந்த மண், உப்பு மாதிரி வெள்ளையாக மின்னியது. பார்க்க முடியாமல் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கோட்டைச்சாமி மட்டும் நடுவில் தன் நிழலோடு தனியாக நின்றார். அது அவர் காலடியில் ரொம்பச் சின்னதாக இருந்தது.

சேதுநாச்சி அங்கேயே, வெயிலில் நின்றபடியே, புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். மரம் பூஜ்யம். நிழல் பூஜ்யம். "இழப்புக்கான காரணம்" என்ற கட்டத்தில் வெட்டப்பட்டது, சாய்ந்தது, எரிந்தது, பிற என்று நான்கு இருந்தன. "பிற" என்பதன் கீழே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "கொடுக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அந்தப் படிவத்தை முதல்முறையாக ஒரு கேள்வியும் கேட்காமல் தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டதும், ஏற்றுக்கொண்ட கையோடு அவளை மரமே இல்லாத உப்பளப் பிரிவுக்கு மாற்றியதும், அங்கேயும் அவள் ஆறு மாதத்தில் எண்பது மரம் நட்டு எண்ணத் தொடங்கியதும் பின்னால் நடந்த கதைகள். அக்கரைப் படிவத்தில் மடுத்தீன் குரூஸ் "கிடைத்தது" என்று எழுதினாராம். இரண்டு நாட்டு இருப்பேடுகளும் ஒரு புள்ளி பிசகாமல் ஒத்துப்போன வருடம் அது ஒன்றுதான் என்று மன்றத்தின் புத்தகத்தில் அடிக்குறிப்பாக இருக்கிறது.

அன்று அவள் கையெழுத்துப் போட்டு, வேப்பமரத்தடிக்குப் போய், எறும்பைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, ஜெய்த்தூன் பீவியின் முதல் டீயை வாங்கி வாயில் வைக்கும்போது போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"ஹலோ? குரூஸ் சாரா? வந்துருச்சா?"

"மெல்லக் கதையுங்கோ, அம்மா," என்றது குரல், ரகசியம் போல. "வந்திட்டுது. நல்ல குளிர்."

"ஊருல என்ன சொல்றாக? யாரையாச்சும் பேசச் சொல்லுங்களேன், எங்க அக்கா கேக்கணுமாம்."

"ஒருத்தரும் கதைக்கமாட்டினம்," என்றார் மடுத்தீன் குரூஸ். "பிள்ளை, தாய், சுவாமியார், பொலிசுக்காரன், எல்லாரும் நித்திரை."

அவர் போனை மரத்தடிப் பக்கமாக நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். சேதுநாச்சி தன் போனை ஜெய்த்தூன் பீவியின் காதில் வைத்தாள். ஜெய்த்தூன் பீவி கண்ணை மூடிக்கொண்டு, ஆற்றிய டீயைக் கையில் பிடித்தபடி, நாற்பது வீட்டுக் குறட்டையையும் கடைசிவரை கேட்டாள்.